தானுந்துகளில் தாழொலிக் குறைபாடு

தானுந்துகளில் தாழொலிக் குறைபாடு என்பது, கார்களில் பொருத்தப்படும் ஒலியமைப்பில் பேச்சு வழக்கில் 'பேஸ்' எனப்படும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் வலுவின்றியோ, இருக்கைக்கு இருக்கை மாறுபட்டோ கேட்கும் நிலை ஆகும். ஏறத்தாழ 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் தாழொலி எனக் கொள்ளப்படுகின்றன. மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிதார், டிரம்ஸின் பெரிய முரசு ஆகியவற்றின் கனம் இவ்வெல்லைக்குள் அமைகின்றது. ஆம்ப்ளிஃபையர் எனப்படும் பெருக்கியின் ஆற்றல் போதாமையே இக்குறைபாட்டுக்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகின்றது. எனினும் இணைப்பு முனைகள் மாறியிருத்தல், கதவில் காற்றுக் கசிவு, பிழையான வடிப்பி அமைப்பு போன்ற, செலவின்றியோ சிறு செலவிலோ திருத்தக்கூடிய பிழைகளே பல வேளைகளில் காரணமாகின்றன.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி இந்தியாவின் முதன்மையான தானுந்து உற்பத்தி மையங்களுள் ஒன்றாகும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998 இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010 இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. இந்தியச் சந்தையில் விலை குறைந்த வகைக் கார்கள் குறைந்த எண்ணிக்கையிலான ஒலிபெருக்கிகளுடனோ, அவை இன்றியோ விற்கப்படுவது உண்டு. இதனால் வாங்கிய பின்னர் வெளிக்கடைகளில் ஒலியமைப்பைப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இத்தகைய கடைகளுக்குப் பெயர் பெற்றது. இவ்வாறு பின்னர் பொருத்தும்போது கதவு உறை கழற்றப்படுவதும், கம்பிகள் புதிதாக இணைக்கப்படுவதும் பிழைகளுக்கு வாய்ப்பளிக்கின்றன.

ஒலியியல் அடிப்படை

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது அதன் முன்புறத்தில் காற்றழுத்தம் கூடுகின்றது, பின்புறத்தில் குறைகின்றது. இவ்விரு அலைகளும் ஒன்று கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். அதிர்வெண் குறையக் குறைய இவ்வழிவு மிகுதியாகின்றது. எனவே ஒலிபெருக்கிக்கு முன்புறத்தையும் பின்புறத்தையும் பிரிக்கும் பெட்டி தேவை. காரில் கதவே அப்பெட்டியாகச் செயற்படுகின்றது.

30 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஆகும். ஆகவே 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். இது சிறிய காரின் உட்புற நீளத்தின் இரு மடங்கிலும் கூடுதலானது. இதனால் மூடிய காருக்குள் மிகத் தாழ்ந்த ஒலிகள் இயல்பாகவே வலுப்பெறுகின்றன. கண்ணாடியை இறக்கினால் இவ்வலு குறைகின்றது. ஒலி மட்டம் குறைவாக இருக்கும்போது மனிதச் செவி தாழொலிகளைக் குறைவாகவே உணர்கின்றது என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே குறைந்த ஒலியில் மட்டும் தாழொலி மெலிந்து கேட்பது கருவியின் பழுது அன்று.

சோதிக்கும் முறை

எளிய சோதனைகளை முதலிலும், செலவு மிக்கவற்றை இறுதியிலும் மேற்கொள்வது நன்று.

1. நன்கு அறிந்த பாடலொன்றை ஒலிக்கச் செய்து, ஒலிச்சீராக்கியின் எல்லா அமைப்புகளையும் நடுநிலையில் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தப்படும் சில அமைப்புகள், ஒலியைக் கூட்டும்போது தாழொலியைத் தாமாகவே குறைக்கின்றன.

2. சப்வூஃபர் இருப்பின் அதனை நிறுத்திவிட்டு, இடவலச் சமனை முழுவதும் இடப்புறமும், பின்னர் வலப்புறமும், இறுதியாக நடுவிலும் வைத்துக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும்போது இருந்த தாழொலி, நடுவில் வைத்ததும் குறைந்தால், ஒரு ஒலிபெருக்கியின் நேர், எதிர் முனைகள் மாறி இணைக்கப்பட்டிருத்தல் கூடும்.

3. ஐயம் இருப்பின், பெருக்கியிலிருந்து கம்பிகளைக் கழற்றி, 1.5 வோல்ட்டு மின்கலத்தை ஒரு கணம் அவற்றில் தொட வேண்டும். நேர்முனை நேர்முனையுடன் சேரும்போது கூம்பு வெளிநோக்கி நகர்வது பொது வழக்கு. எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே திசையில் நகர வேண்டும்.

4. வடிப்பிகளைச் சரிபார்க்க வேண்டும். கதவு ஒலிபெருக்கிகள் 120 ஹெர்ட்ஸுக்கு மேலும், சப்வூஃபர் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழும் அமைக்கப்பட்டிருந்தால் இடையில் வெற்றிடம் ஏற்படும். இரண்டையும் 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துத் தொடங்கலாம். பின்னர் சப்வூஃபரின் 0, 180 பாகைக் கட்ட நிலைகளுள் ஓட்டுநர் இருக்கையில் வலுவாகக் கேட்பதைத் தெரிவு செய்யலாம்.

5. கதவு உறையைக் கழற்றி, உட்புறத் துளைகளை மூடும் நெகிழித் தாள் கிழிந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கிழிந்த தாள் வழியே தாழொலி அழிவதோடு, மழைக்காலத்தில் கதவுக்குள் இறங்கும் நீர் காரின் உட்புறத்துக்கும் கசியக்கூடும்.

6. இரட்டைச் சுருள் கொண்ட சப்வூஃபரில் ஒரு சுருள் மட்டும் தலைகீழாக இணைக்கப்பட்டால் கூம்பு அசையாது நிற்கும். இரண்டு 4 ஓம் சுருள்கள் பக்க இணைப்பில் 2 ஓமும், தொடர் இணைப்பில் 8 ஓமும் தரும்; பெருக்கி தாங்கும் அளவை அறிந்தே இணைக்க வேண்டும்.

7. இயந்திரம் ஓடும்போது பெருக்கியின் முனைகளில் மின்னழுத்தம் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்கும். தாழொலி எழும்போதெல்லாம் அது வெகுவாகக் குறைந்தால், மெல்லிய கம்பியோ, வண்ணப்பூச்சின் மீது முறுக்கப்பட்ட புவியிணைப்போ காரணமாகலாம்.

ஆற்றலைக் கூட்டுதல்

பெருக்கியின் ஆற்றலை 50 வாட்டிலிருந்து 100 வாட்டாக இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். ஒலி இருமடங்காக உணரப்பட ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. முனை மாற்றத்தைத் திருத்துவதால் கிடைக்கும் பயன் பெரும்பாலும் இதனினும் மிகுதி. ஒலிச்சீராக்கியில் 6 டெசிபல் கூட்டினால் அவ்வதிர்வெண்ணில் நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அதனைத் தர இயலாத பெருக்கி அலையின் உச்சியை வெட்டிவிடும். தொடர்ந்து இயக்கினால் சூடேறி ஒலிபெருக்கியின் சுருள் எரியக்கூடும்.

பாதுகாப்பு

பெருக்கிக்குச் செல்லும் மின்கம்பியில் காப்பு உருகி இன்றியமையாதது. அது மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டும் என்பது பொது நடைமுறை. உருகி பெருக்கியின் அருகில் மட்டும் இருந்தால், இடையில் கம்பி உராய்ந்து குறுக்குச்சுற்று ஏற்படும்போது தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இரும்புத் தகட்டைக் கடக்கும் இடத்தில் கம்பிக்கு இரப்பர் வளையம் இடவேண்டும். வேலையைத் தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுதல் நன்று. கம்பிகளை வெட்டாமல் பொருந்து செருகிகளைப் பயன்படுத்தினால், வாகன உத்தரவாதம் தொடர்பான சிக்கல்களைக் குறைக்கலாம்.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை ஆகும். தாழொலி சுவர்களை எளிதில் ஊடுருவுவதால், காருக்குள் மிதமாகத் தோன்றும் ஒலியும் அருகிலுள்ள வீடுகளைச் சென்றடையலாம்.