பரங்கிமலையடியில் இரு வேதங்கள்: சென்னைக் கிறித்தவர் இஸ்லாத்தைக் கற்ற வரலாறு

ஆதம்பாக்கத்திலிருந்து ரயில் பாதையைக் கடந்து மேற்கே போனால் பரங்கிமலை. இயேசுவின் சீடரான தோமா இங்கே குத்திக் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. அந்த மரபின் வரலாற்று உண்மை வேறொரு கட்டுரைக்கு உரியது. இங்கே நமக்கு வேண்டியது, அந்தக் கல்லறையைப் பற்றிப் பயணிகள் இருவர் விட்டுச்சென்ற குறிப்புகள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, தோமாவின் கல்லறைக்குக் கிறித்தவர்களைப் போலவே முஸ்லிம்களும் யாத்திரை வருகிறார்கள் என்கிறார். தோமா தங்கள் இனத்தவர், பெரிய நபி என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்களாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா இன்னும் ஒரு படி மேலே போகிறார். மயிலாப்பூர்க் கல்லறையில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் பக்கீர். எண்ணெய்ச் செலவுக்கு வருகிறவர்களிடம் கையேந்துவாராம். இரண்டும் பயணிகளின் குறிப்புகள். செவிவழிச் செய்தியும் கலந்திருக்கும். இவற்றை வைத்து மதநல்லிணக்கப் பொற்காலம் ஒன்றைக் கட்டி எழுப்பத் தேவையில்லை. ஒரே அடியாரை இரு சமயத்தாரும் தம்மவர் என்றார்கள்; இரு நம்பிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது சரி என்று கேட்கும் வேலையை அப்போது இங்கே யாரும் செய்ததாகத் தெரியவில்லை. அந்த வேலை புத்தகத்தோடும் சபை நிதியோடும் கடல் தாண்டி வந்தது.

தம் விசுவாசத்தை முஸ்லிம்களிடம் எடுத்துச்சொல்ல விரும்பிய கிறித்தவர்கள் சென்னையிலும் அதைச் சுற்றியும் இஸ்லாத்தை எப்படிக் கற்றார்கள்? இக்கட்டுரை தேடும் விடை இதற்குத்தான். முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த அறிவு தமிழில் பேச்சாகத் தொடங்கியது, பிறகு உருதுக்கும் ஆங்கிலத்துக்கும் குடிபெயர்ந்தது, கடைசியில் தமிழுக்குத் திரும்பியபோது மேடை விவாதமாக மட்டுமே திரும்பியது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவைத் தமிழ் அச்சு வரலாற்றில் வைத்தே நாம் பேசிப் பழகிவிட்டோம். அவர் கரையோர முஸ்லிம்களோடும் தர்க்கம் செய்தார். 1719இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய உரையாடல் தொகுப்பில் பிராமணர்கள்தான் முக்கிய எதிர்வாதிகள் என்றாலும் முஸ்லிம்களும் வருகிறார்கள். எழுதியவர் மிஷனரி என்பதால் எதிராளியின் சொற்கள் அவருடைய வடிகட்டி வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. பாமர முஸ்லிம் வணிகர்கூட இயேசுவைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார். இந்துவிடம் இயேசுவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. முஸ்லிமிடம் அறிமுகமே தடையாக நின்றது. ஈசா நபி, மர்யமின் மகன், கன்னியிடம் பிறந்தவர், அற்புதங்கள் செய்தவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இறைவனின் குமாரன் என்று சொன்ன இடத்தில்தான் பேச்சு முறிந்தது.

அடுத்து வந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே 1726இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். இங்கே அவர் காதில் விழுந்த முஸ்லிம் பேச்சு தரங்கம்பாடிப் பேச்சு அல்ல; தக்னி உருது. அதற்கு ஓர் இலக்கணமே எழுதினார். 1745இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அது அச்சானது. அச்சிட்டவர் யோகான் கால்லன்பெர்க். யூதர்களையும் முஸ்லிம்களையும் நோக்கிய பணிக்கென்றே 1728இல் அங்கே ஒரு நிறுவனம் தொடங்கியவர். உருதுவில் கிறித்தவ எழுத்தின் தொடக்க முயற்சிகளில் ஒன்று நம் ஜார்ஜ் கோட்டையின் நிழலில் நடந்தது என்பதை உருது இலக்கிய வரலாறு படிப்பவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

இந்தத் திருப்பத்தின் விலை பின்னால் தெரிந்தது. முஸ்லிம் என்றாலே உருது, பாரசீகம் என்ற கணக்கு மிஷனரிகள் மனத்தில் பதிந்துவிட்டது. 1762 முதல் திருச்சியில் பணியாற்றிய சுவார்ட்ஸ் ஐயர் தமிழில் தேர்ந்தவர். நவாபின் ஆட்களிடம் பேசப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1779இல் சென்னை அரசு அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூது அனுப்பியதற்கு அவருடைய மொழித்திறனும் நேர்மைப் பெயரும் காரணம். அரண்மனைக்குப் போகும் வழி பாரசீகம் என்பது உண்மைதான். ஆனால் நாகூரிலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மக்கள் தமிழ் பேசினார்கள், அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அந்த அரபுத்தமிழ் உலகம் சென்னைக் கிறித்தவர்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் படவேயில்லை.

ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் குடியேறிய பிறகு திருவல்லிக்கேணி முஸ்லிம் கல்வியின் மையமானது. வாலாஜா மசூதி 1795இல் எழுந்தது. 1855இல் நவாபு பட்டம் முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே இராயப்பேட்டைப் பகுதியில் முஸ்லிம் சிறுவர்களுக்கென சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஹாரிஸ் பள்ளி தொடங்கியது. இந்த இரண்டும் தற்செயலாக அடுத்தடுத்து வந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஆட்சி இழந்த சமூகம் ஆங்கிலக் கல்விக்கு வாசல் தேடிய நேரத்தில் மிஷன் அந்த வாசலைத் திறந்து வைத்தது.

1865இல் சென்னை வந்து அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரானவர் எட்வர்ட் செல் (1839–1932). இந்த வரலாற்றில் நின்று பேச வேண்டிய ஆள் இவர். அரபு, பாரசீகம், உருது மூன்றிலும் ஆழங்கால் பட்டவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அம்மொழிகளின் பாடத்திட்டக் குழுவில் முக்கியப் பங்கு வகித்தார். ஏறக்குறைய 15 ஆண்டுப் பழக்கத்தின் விளைவாக 1880இல் 'இஸ்லாத்தின் விசுவாசம்' என்ற பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அடிப்படைகள், குர்ஆன் விரிவுரையும் ஹதீஸும், பிரிவுகள், கோட்பாடு, கடமைகள், பண்டிகைகளும் நோன்புகளும் என்று நூல் விரிகிறது. குர்ஆன் ஓதும் முறையான தஜ்வீதைப் பற்றித் தனிப் பின்னிணைப்பே பிற்பதிப்பில் உண்டு. ஒரு கிறித்தவப் போதகர் மத் எங்கே நீட்டுவது, கல்கலா எங்கே ஒலிப்பது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இன்றைய ஊழியர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

செல்லின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வந்தன. நூல்களின் இஸ்லாத்தை அவர் நன்கு அறிந்தார். ஷரீஅத் இறுகிப்போன சட்டம், அது மாற இடமில்லை என்பது அவர் வாதம். அவருடைய காலத்திலேயே சர் சையது அகமது கானும் ஹைதராபாதின் சிராக் அலியும் சீர்திருத்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். செல் அவர்களை விதிவிலக்காகவே கண்டார். ஆளும் பிரிட்டிஷ் இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் சமூகத்தின் சமயம் தேங்கிவிட்டது என்று எழுதும்போது அதில் அரசியலின் வாடை வருவதை மறுக்க முடியாது. இன்னொன்று, தமிழ் முஸ்லிம்களின் ஷாஃபி மரபும் தர்கா வழிபாடும் புலவர் மரபும் அவருடைய ஆய்வின் மையத்துக்கு வரவில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய நிலத்தில் நபிகளின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் அவர்.

வடக்கே இதற்குச் சற்று முன் வேறு வகை முயற்சி நடந்தது. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் ஜெர்மானிய மிஷனரி ஃபாண்டரும் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் பொதுமேடையில் மோதினார்கள். குர்ஆனையும் பைபிளையும் தராசில் வைத்து எடைபோடும் ஃபாண்டரின் நூல் அதற்கு முன்பே பாரசீகத்திலும் உருதுவிலும் பரவியிருந்தது. ரஹ்மத்துல்லாஹ் எதிர்பாராத ஆயுதத்தோடு வந்தார்: ஐரோப்பியக் கிறித்தவ அறிஞர்களே பைபிள் பிரதிகளின் வேறுபாடுகளைப் பற்றி எழுதியவை. ஃபாண்டர் தடுமாறினார். 1857க்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய ரஹ்மத்துல்லாஹ், ஓட்டோமான் தலைநகரில் அரபியில் எழுதிய இஸ்ஹாருல் ஹக் என்ற நூல் உலகம் சுற்றியது. தென்னாப்பிரிக்காவில் கடை ஊழியராக இருந்த அகமது தீதாத் அதைப் படித்தே விவாதக்காரரானார். தீதாத்தின் உரைகள் ஒளிநாடாவாகவும் சிறுநூலாகவும் 1980களுக்குப் பின் தமிழகம் வந்து சேர்ந்தன.

அதற்கு முன் ஒரு நல்ல வாய்ப்பு நம் பக்கத்திலேயே வந்துபோனது. 1911இல் லக்னோவில் கூடிய மிஷனரி மாநாடு முஸ்லிம்களிடையே பணிபுரியத் தனிப் பயிற்சி தேவை என்று வற்புறுத்தியது. அதற்கென 1930இல் லாகூரில் ஹென்றி மார்ட்டின் பள்ளி பிறந்தது. அதை நடத்திய பெவன் ஜோன்ஸ் 1938இல் கிறித்தவ ஊழியர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். முஸ்லிம் கேட்கும் கேள்வியை முஸ்லிம் கேட்கும் விதத்திலேயே முன்வைத்து, பிறகு கிறித்தவ விளக்கம் தருவது அவர் முறை. ஃபாண்டரின் தராசிலிருந்து இது வெகுதூரம். அதே 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. கிட்டத்தட்ட 470 பேராளர்கள். மாநாட்டுக்கென நூல் எழுதிய ஹென்ட்ரிக் கிரேமர் ஜாவாவில் பணியாற்றிய இஸ்லாமிய ஆய்வாளர். சென்னையின் செஞ்சையா, சக்கரை போன்றோர் அவருக்குக் கூர்மையாக மறுமொழி எழுதினார்கள். ஆனால் அவர்கள் சிந்தனை முழுக்க இந்து மரபோடு மல்லுக்கட்டியது. இஸ்லாம் பற்றித் தமிழ்க் கிறித்தவ இறையியல் அன்று திறக்காத கதவு பல பதிற்றாண்டுகள் அப்படியே கிடந்தது. பின்னர் நிறுவனமான ஹென்றி மார்ட்டின் பள்ளியும் 1971இல் ஹைதராபாதுக்கு வந்தது, சென்னைக்கு அல்ல. அங்கே போனபின் அதன் கவனம் மதமாற்றத்திலிருந்து உரையாடலுக்கும் சமூக இணக்கத்துக்கும் மாறியது. கத்தோலிக்கர்கள் பக்கம் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஒரே இறைவனை வணங்குவோர் என்று முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிட்ட ஆவணத்தை வெளியிட்டது.

ஒரு சமனின்மையை இங்கே சுட்ட வேண்டும். தமிழில் புதிய ஏற்பாடு 1715லேயே முழுமையாக அச்சில் கிடைத்தது. தமிழ் படிக்கத் தெரிந்த முஸ்லிம் யாரும் அதை வாங்கிப் படிக்கலாம். குர்ஆனின் முழுத் தமிழாக்கம், அப்துல் ஹமீது பாகவியின் உழைப்பில், 1949இல்தான் நூலாக வந்தது. அதற்கு முன் இருந்த விளக்கவுரைகள் பெரும்பாலும் அரபுத்தமிழில் இருந்தன. கிறித்தவருக்கு அது எட்டாக் கனி. ஆக, 200 ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் முஸ்லிமால் கிறித்தவராகிய நம் வேதத்தைத் தமிழிலேயே படிக்க முடிந்தது. நம்மால் அவர் வேதத்தைப் படிக்க முடியவில்லை. இஸ்லாமியப் பிரசாரகர் பி. ஜைனுல் ஆபிதீன் 'இயேசு இறைமகனா?' என்று எழுதியபோது பைபிளிலிருந்தே வரிவரியாக மேற்கோள் காட்ட முடிந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். 2012இல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்துக்கும் சாக்ஷி என்ற கிறித்தவ அமைப்புக்கும் நடந்த நேரடி விவாதம், பைபிள் இறைவேதமா, குர்ஆன் இறைவேதமா என்றுதான் சுழன்றது. ஆக்ராவின் கேள்விகள் 158 ஆண்டுகள் கழித்துத் தமிழில் கேட்கப்பட்டன. இரு தரப்பு ஆதரவாளர்களும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டார்கள், அப்படித்தானே எப்போதும்.

அந்த மேடைக் கேள்வியே கோணலானது என்பது என் கருத்து. கனடிய அறிஞர் வில்ஃபிரெட் கான்ட்வெல் ஸ்மித் இதை விளக்கியிருக்கிறார். 1940களில் லாகூரில் கற்பித்தவர். குர்ஆனுக்கு நிகராகக் கிறித்தவத்தில் வைக்க வேண்டியது பைபிளை அல்ல, கிறிஸ்துவை. முஸ்லிமுக்கு இறைவனின் வார்த்தை ஓதப்படும் வேதமாக இறங்கியது. கிறித்தவருக்கு அது மனிதராகப் பிறந்தது. பைபிள் அந்த மனிதருக்குச் சாட்சி. இதைப் புரிந்துகொண்டால், நான்கு சுவிசேஷங்கள் ஏன் என்ற கேள்வி முஸ்லிமுக்கு ஏன் உறுத்துகிறது, கிறித்தவருக்கு ஏன் உறுத்தவில்லை என்பது விளங்கும்.

மற்ற வேறுபாடுகளும் இப்படியே அடுக்கடுக்காக உள்ளவை. குர்ஆன் 4:157 சிலுவை மரணத்தை மறுக்கிறது. இறைவன் தன் தூதரை அப்படி இழிவுபடக் கைவிடமாட்டான் என்ற மரியாதை அந்த மறுப்புக்குள் இருப்பதாகப் பல முஸ்லிம்கள் கருதுகிறார்கள். கிறித்தவருக்கோ அந்த இழிவில்தான் மீட்பு. ஆதம் பிழை செய்தார், மன்னிக்கப்பட்டார், அத்தோடு முடிந்தது என்பது இஸ்லாமிய நிலை (2:37). பிறவிப் பாவம் என்ற நோயே இல்லாதவரிடம் மருந்தைப் பற்றிப் பேசினால் அவர் எதற்கு வாங்குவார்? 5:116 கண்டிக்கும் மும்மையில் மர்யமும் இடம்பெறுகிறார். எந்தச் சபையும் மரியாளைத் திரித்துவத்தில் சேர்க்கவில்லை. இந்த ஒரு தவறான புரிதலை நிதானமாக விலக்கினாலே பாதிச் சண்டை குறையும். மீதிப் பாதி உண்மையான முரண். அதை மழுப்பத் தேவையில்லை.

ஆதம்பாக்கத்துக் கிறித்தவருக்கு மூன்று தெரு தள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். ரம்ஜான் கஞ்சியும் கிறிஸ்துமஸ் கேக்கும் வீடு மாறிப் போகின்றன. அவர் கையில் இருப்பது ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்த துண்டுப்பிரசுரம், அல்லது விவாத மேடையின் காணொளி. செல்லின் படிப்பும் பெவன் ஜோன்ஸின் முறையும் சேர்ந்த ஒரு தமிழ் நூலை என் வாசிப்பில் நான் காணவில்லை. சென்னையின் இறையியல் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் மாணவர் யாராவது அதை எழுத முன்வரவேண்டும். பாகவியின் தமிழாக்கத்தில் தொடங்கட்டும், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவரிடம் சில மாதம் உட்காரட்டும். எழுதி முடித்த பிரதியை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஓர் ஆலிமிடம் கொடுத்து, உங்கள் மார்க்கத்தைப் பற்றி நான் எழுதியிருப்பது உங்களுக்கு ஒப்புதல்தானா என்று கேட்கட்டும். அவர் ஆம் என்று சொன்ன பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பிறகு தம் விசுவாசத்தைச் சொல்லட்டும்.