மலைக்கு அளவுகோல் கடல்

மலையின் உயரத்தைக் கூறுமிடத்து, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை அடி என்று கூறுதல் மரபு. பள்ளிச் சிறுவனும் இதனைத் தடையின்றி ஒப்புவிப்பான். ஆயின், அந்தக் கடல் மட்டம் என்பது யாது? ஓயாது ஏறியும் இறங்கியும் அலைகின்ற நீரிலே அம்மட்டத்தைக் கண்டவர் யார்? மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்துக் கரையில் நின்று இவ்வினாவை எழுப்புதல் பொருத்தமுடையது. இந்திய நாட்டை அளந்த மாபெரும் முக்கோண அளவை தொடங்கியது, அக்கரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ ஆறு மைல் தொலைவிலுள்ள பரங்கிமலையிலேதான்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, அம்மலையடிவாரத்துச் சமவெளியில் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். கருவியோ நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளுமாதலின், சங்கிலியை மரப்பெட்டிகளிற் கிடத்தி, வெப்பமானிகளை உடன் வைத்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே ஏறத்தாழ நானூறு முறை அதனை நகர்த்தினர். பின்னர் அந்நீளத்தைக் கடல் மட்டத்திற்குரிய நீளமாகக் கணக்கிட்டுத் திருத்தினர்.

முக்கோணம் ஒன்றில் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால், ஏனைய பக்கங்களைக் கணக்கினாலேயே அறியலாம். வகுப்பறைக் கரும்பலகையில் நாம் கண்ட இச்சிறு உண்மையே ஒரு துணைக்கண்டத்தை அளக்கப் போதுமானதாயிற்று. அரை டன் எடையுள்ள தியோடலைட்டு என்னும் கோணமானியைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதனை மேலே தூக்குகையில், கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டார். சென்னையிலிருந்து மேலைக்கடல் வரை அளந்தபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய படங்கள் காட்டியதைவிட நாற்பது மைல் குறைவு என்பது புலனாயிற்று.

மலைமுடியைத் தொலைவிலிருந்து நோக்கி, அது எழும் கோணத்தை அளந்து, நிலவுருண்டையின் வளைவுக்கும் காற்றில் ஒளி வளைவதற்கும் திருத்தம் செய்தால் உயரம் கிட்டும். நூறு மைலுக்கும் அப்பாலிருந்து நோக்கிய கோணங்களைக் கொண்டே எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் வெளியிட்டனர். அக்கணக்கிற் பெரும்பங்கு கொண்டவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். இன்றைய அளவோடு ஒப்பிடின் பிழை முப்பது அடியே!

கணவாயின் நிலை வேறு. சிகரத்தை நோக்குகிறோம், கணவாயின் வழியே நடக்கிறோம். அங்கே சாலையும் இருப்புப்பாதையும் செல்ல வேண்டுமாதலின், சில அடி வேறுபாடும் பொருட்படுத்தற்குரியது. தொட்டபெட்டா 2,637 மீட்டர் ஓங்கி நிற்க, அதற்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் 150 மீட்டருக்கும் தாழ்ந்து கிடக்கின்றது. 1862-ஆம் ஆண்டளவில் சென்னையையும் மேலைக்கடற்கரையையும் இருப்புப்பாதை இணைத்தது இவ்வழியேதான். இத்தகைய இடங்களில் அளவுச்சட்டத்தை நிறுத்தி, அடிமேல் அடியாக மட்டம் பார்த்துச் செல்வதே முறை.

அம்மட்டத்திற்கும் ஒரு தொடக்கம் வேண்டுமன்றோ? அதன் பொருட்டு ஒன்பது துறைமுகங்களில் கடலின் ஏற்றவற்றத்தைத் தொடர்ந்து பதிவு செய்து, சராசரி கண்டனர். சென்னையும் நாகப்பட்டினமும் அவ்வொன்பதில் அடங்கும். 1909-இல் நிறைவுற்ற அவ்வலையே நம் நாட்டு உயரங்களுக்கெல்லாம் அடிப்படையாயிற்று.

இன்று செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழலும் கோள்களுள் நான்கேனும் அனுப்பும் குறிகளை ஏற்று, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தை அறிகின்றது. ஒரு விநாடியின் நூறுகோடியில் ஒரு பங்கு தவறினால் தூரம் ஓரடி தவறும். அன்றியும், கோள்கள் யாவும் தலைக்கு மேலேயே உள்ளன, காலுக்கடியில் ஒன்றுமில்லை. ஆதலின், கிடைநிலையைவிட உயரத்திலேயே பிழை மிகுதி.

இதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. செயற்கைக்கோள் அளப்பது, கணித முறையால் வகுத்த ஒரு வழுவழுப்பான நிலவுருண்டையிலிருந்து. உண்மைக் கடலோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மேடும் பள்ளமுமாய்க் கிடக்கின்றது. இலங்கைக்குத் தெற்கே அப்பள்ளம் 100 மீட்டருக்கும் மிகுதி. நம் சென்னைக் கரையும் அப்பள்ளத்தின் சரிவிலேயே உள்ளது. எனவே, திருத்தம் செய்யாத கருவியொன்றை நொச்சிக்குப்பத்து மணலில் வைத்தால், அது சுழியத்திற்குக் கீழே எண்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தைக் காட்டும்! கருவி பொய் கூறவில்லை. அது வேறொரு சுழியத்திலிருந்து எண்ணுகின்றது. இதனாலன்றோ, எவரெஸ்டை அளந்த நேபாள நாட்டார், முடியில் செயற்கைக்கோள் கருவியை வைத்ததோடு அமையாமல், வங்கக்கடல் மட்டத்திலிருந்து மட்டம் பார்த்தும் ஈர்ப்பை அளந்தும் வந்தனர். சீனருடன் சேர்ந்து 2020 டிசம்பர் 8-இல் அவர்கள் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர்.

இமயத்தில் ஒரு மீட்டர் கூடினும் குறையினும் எவர்க்கும் இழப்பில்லை. குப்பத்திலோ அவ்வொரு மீட்டரே அனைத்தும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இங்கும் புகுந்தபோது, உயர்ந்த தரை எது, தாழ்ந்த தரை எது என்பதை நீரே காட்டிச் சென்றது. கடற்கரைக்கு இடர்க்கோடு வகுக்கும் பொறுப்பு இந்திய நில அளவைத் துறையினிடம் உள்ளது. அலை, ஏற்றவற்றம், கடல் மட்ட உயர்வு ஆகியவற்றை எண்ணியே அக்கோடு வரையப்பெறுகின்றது. எந்தச் சுழியத்திலிருந்து எண்ணினர், எத்தனை நுட்பமாய் எண்ணினர் என்பதை ஆங்கு வாழ்வோர்க்குத் தமிழில் விளங்க உரைத்தல் கடமையாகும். படகிலே செயற்கைக்கோள் கருவியைக் கையாளும் மீனவர்க்கு அது விளங்காததன்று.

கருவி எத்துணை உயரத்தில் பறப்பினும், அளவு தொடங்குவது கரையில். அக்கரையில் வாழ்வோரை மறந்து எழுதப்படும் உயரம் வெறும் எண்ணே.