வெட்டுக்கருவிப் பராமரிப்பு (தருமபுரி வட்டாரம்)

கத்தியின் வாய் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். பிடி ஆடத் தொடங்கினால் அதைக் கையில் எடுக்கவே கூடாது. தருமபுரி மாவட்டத்து வேளாண் வீடுகளில் கொடுவாள், பன்னரிவாள், அரிவாள்மனை, மடக்குக்கத்தி என்று சில வெட்டுக்கருவிகள் எப்போதும் இருக்கும். அரூர், பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டவும், மானாவாரி நிலத்தில் ராகி அறுக்கவும், வெள்ளாட்டுக்குத் தழை கழிக்கவும் இவை வேண்டும். துருவேறாமல் காப்பது, சாணை பிடிப்பது, கழன்ற பிடியை மறுபடி பூட்டுவது ஆகிய மூன்றும் இவற்றின் பராமரிப்பில் அடங்கும். முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கருவியின் ஆயுளோ மூன்றாவதைப் பொறுத்திருக்கிறது.

இவ்வட்டாரத்து ஆயுதப் பராமரிப்புக்குச் சங்கப் பாடலிலேயே சாட்சி உண்டு. அன்று தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாடல். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் செய்தி. புகழ்வதுபோலப் பழிக்கும் அந்தத் திறத்தைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் ரசித்துச் சொல்வார்கள். கருவி பேணுகிறவர் கண்ணில் வேறொன்றும் படும். காம்பைச் சரிசெய்வது, நெய்யிடுவது, சிதைந்ததைப் பட்டறைக்கு அனுப்புவது என்று இன்றைக்கும் செய்கிற வேலைகள் அதில் அப்படியே இருக்கின்றன.

இரும்பின் வரலாறு அதற்கும் முந்தையது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்து, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதைத் தமிழக அரசு 2022 மே மாதம் அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை மாதிரிகளைக் கொண்டு, 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை அந்தக் காலத்தை இன்னும் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் பின்னே கொண்டுபோனது. மேட்டூரை அடுத்த தெலுங்கனூரில் ஈமச்சின்னம் ஒன்றில் கிடைத்த இருபுறமும் வாயுள்ள வாள், கரி மிகுந்த எஃகால் ஆனது.

இன்றைய கொடுவாள்களைப் பெரும்பாலும் பழைய லாரி வில்பட்டையிலிருந்து அடிக்கிறார்கள். அந்த எஃகில் கரி 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். துருப்பிடிக்காத எஃகுக்குக் குரோமியம் ஏறக்குறைய 10.5 விழுக்காடாவது தேவை. வில்பட்டையில் அது பெயரளவுக்குத்தான். எனவே கவனிக்காமல் விட்டால் துரு வந்தே தீரும். கொல்லர் வாய்ப்பகுதியைச் செஞ்சூட்டில் காய்ச்சித் தோய்த்து, பிறகு இளஞ்சூடு காட்டி அதன் முறிதன்மையைத் தணிப்பார். அந்த இளஞ்சூட்டில் இரும்பின் மேல் 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறமும் 300 வாக்கில் நீலமும் ஓடும். வீட்டு மின்சாணையில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சாணைக்கான கனிமம் இந்த மண்ணிலேயே உண்டு. சுப்பிரமணிய சிவா 1925-இல் மறைந்த ஊர் என்று அறியப்படும் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள பாறைகளில் குருந்தக்கல் கிடைப்பதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிலவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9, வைரத்துக்கு 10. குருந்தப் பொடியை உருக்கிய அரக்கோடு பிசைந்து வட்டமாக அழுத்தியதுதான் பழைய சாணைச் சக்கரம். கடையில் இப்போது வாங்கும் அலுமினியம் ஆக்சைடு தீட்டுக்கல்லும் வேதியியலில் அதே பொருள், ஆலையில் செய்தது என்பதே வித்தியாசம். கல்லை நீரில் நனைத்து, காய்கறிக் கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்வில் தீட்டலாம். கொடுவாளுக்கு 25 முதல் 30 வேண்டும். அதைவிட மெலிந்த வாய் கரும்புக் கணுவில் பட்டால் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும்.

துருவுக்கு இங்கே ஒரு தனிக் காரணமும் உண்டு, புளி. தருமபுரி புளிக்குப் பேர்போன ஊர். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் எஃகைக் கறுக்கச் செய்து அரிக்கத் தொடங்கும். புளி பட்ட கத்தியை உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். எந்த எண்ணெய் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். மடக்குக்கத்தியின் அச்சில் விட்டால் கத்தியே திறக்காது. ஆமணக்கெண்ணெய் அப்படி உலர்ந்து இறுகுவதில்லை. சமையல் கத்திக்குத் தேங்காயெண்ணெய் போதும். ஆயுத பூசைக்குத் தேய்த்துக் கழுவிய அரிவாளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது நல்ல வழக்கம்தான். ஆனால் ஈரச் சந்தனம் வெறும் இரும்பில் இரவு முழுக்க இருந்தால் மறுநாள் பொட்டுக்குக் கீழே துருப்புள்ளி இருக்கும். முதலில் எண்ணெய் தடவிவிட்டுப் பொட்டிடலாம்.

பிடி பூட்டுவதுதான் இதில் நுணுக்கமான வேலை. அலகின் அடியில் குறுகி நீளும் வால் மரப்பிடிக்குள் இறங்கியிருக்கும். பிடியின் வாயில் உள்ள இரும்புப் பூண் மரம் பிளக்காமல் காக்கும். மரம் வறண்டு சுருங்கினால் வால் ஆடும். அவசரக்காரர்கள் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மரம் ஊதி இறுகுவது உண்மை, ஆனால் காய்ந்ததும் மறுபடி தளரும், இடையில் உள்ளே போன நீர் வாலை அரித்திருக்கும். பழைய பிடியைப் பிளந்தெடுத்துவிட்டுப் புதிது போடுவதே முறை. புளி, கருவேலம், பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் வளரும் ஆச்சா ஆகியவை பிடிக்கு ஏற்றவை. ஆச்சா இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், பச்சை மரத்தில் செய்த பிடி கோடைக்குள் ஆடிவிடும்.

வாலின் தடிமனைவிடச் சற்றுக் குறுகலாகத் துளையிட்டுப் பூணை மாட்ட வேண்டும். பிறகு வாலை மட்டும் சூடாக்கி, துளைக்குள் எரித்தபடி இறக்க வேண்டும். அப்போது அலகின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பது கட்டாயம்; இல்லாவிட்டால் சூடு ஏறி வாயின் தோய்ச்சல் போய்விடும். முக்கால் பங்கு இறங்கியதும் வெளியே இழுத்துக் கரியைத் தட்டிவிட்டு, துளையில் அரக்குப் பொடியைப் போட்டு, இளஞ்சூட்டோடு இருக்கும் வாலை மீண்டும் செருகுவார்கள். பிடியின் அடிப்பக்கத்தை மரக்கட்டையில் தட்டினால் அலகு தன் எடையாலேயே உள்ளே அமர்ந்துகொள்ளும். அரக்கு ஆறி இறுகும்வரை தொடக் கூடாது. அரிவாள்மனைக்கும் ஏறக்குறைய இதே கதைதான், அங்கே பலகைத் துளையில் ஆடும் காலை மர ஆப்பு இறுக்கும்.

மடக்குக்கத்தியில் பிடியோடு அச்சும் சேர்ந்துகொள்கிறது. உலக அளவில் இதன் சிக்கலான வகை, பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸ் மாகாணத்துப் பாலிசாங். இரண்டு பிடிகள் அலகின் அடியில் தனித்தனி அச்சில் சுழன்று, மூடும்போது வாயைத் தம் பள்ளத்துக்குள் மறைத்துக்கொள்ளும். அச்சாணி இரு முனையும் தட்டி அடைத்ததாக இருந்தால் வீட்டில் பிரிக்காமல் இருப்பதே மேல். மண்ணெண்ணெயில் அலசி உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். திருகு வைத்ததாக இருந்தால் முதலில் வாயின் மேல் தடித்த டேப்பைச் சுற்ற வேண்டும். பிறகு ஒரு பிடியை மட்டும் கழற்றி, வாஷர்களைக் கழன்ற வரிசையிலேயே துணியில் பரப்பி, அதைப் பூட்டி முடித்தபின் அடுத்த பிடிக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் எந்தப் பிடி எந்தப் பக்கம் என்பதே குழப்பமாகிவிடும். திருகை மிக இறுக்கினால் பிடி சுழலாது. தளரவிட்டால் அலகு பள்ளத்தின் சுவரில் உரசி வாய் மழுங்கும்.

இத்தகைய கத்திகளை வைத்திருப்போர் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை அவ்விதிகள் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என வடிவமைத்த கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. கரும்பு வெட்டும் கொடுவாள் அந்த விலக்கில்தான் வருகிறது.