மேரி செலஸ்ட் மர்மம் (திரைப்படம், 1935)

‘தி மிஸ்டரி ஆஃப் தி மேரி செலஸ்ட்’ பிரிட்டனில் 1935இல் வெளிவந்த கடற்குற்றப் படம். இயக்கியவர் அமெரிக்கரான டெனிசன் கிளிஃப்ட். பின்னாளில் பேய்ப் படங்களுக்குப் பேர்போன ஹேமர் நிறுவனம் தன் தொடக்க நாள்களில் எடுத்தது.

கதைக்கு வேரான நிகழ்ச்சி உண்மையானது. மேரி செலஸ்ட் என்ற கப்பல் 1872 நவம்பர் 7 அன்று 1,701 பீப்பாய் எரிசாராயத்துடன் நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. அடுத்த மாதத் தொடக்கத்தில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே அது ஆளின்றி மிதப்பதை ‘டெய் கிராட்சியா’ கப்பலார் கண்டனர். கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், மனைவி சாரா, இரண்டு வயது மகள், மாலுமிகள் எழுவர் எனப் பத்துப் பேரும் என்ன ஆனார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. ஜிப்ரால்டர் விசாரணையில் அரசுத் தரப்பில் நின்ற சோலி ஃபிளட் கொலை என்றே சந்தேகித்தார், ஆதாரம்தான் கிடைக்கவில்லை. 1884இல் கானன் டாயில் எழுதிய சிறுகதை இந்த மர்மத்தை ஊரறியச் செய்தது.

ஃபிளட்டின் சந்தேகத்தையே கிளிஃப்ட் படமாக்கினார் எனலாம். முன்பு இதே கப்பலுக்குக் கடத்தி வரப்பட்டு, கொடுமைப்பட்டு, ஒரு கையையும் இழந்த மாலுமி ஆன்டன் லோரன்சன். அவன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு மீண்டும் அதில் வேலைக்குச் சேர்கிறான். நடுக்கடலில் ஆள்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். லோரன்சன் என்ற பெயர்கூடக் கற்பனையல்ல, உண்மைக் கப்பலில் இருந்த ஜெர்மானியச் சகோதரர் இருவரின் குடும்பப் பெயர். குழந்தையை மட்டும் திரைக்கதை விட்டுவிட்டது. இத்தனை பிணங்களுக்கு நடுவே அதை என்ன செய்வது!

அமெரிக்கச் சந்தையிலும் படம் விலைபோக வேண்டுமென்று, ‘டிராகுலா’வால் (1931) புகழ்பெற்றிருந்த பேலா லுகோசியை வரவழைத்தார்கள். அந்தச் செலவு வீண்போகவில்லை. சாராவைத் தாக்க வந்தவனைக் கொன்றுவிட்டு லோரன்சன் தேம்பி அழும் இடத்தில், பழக்கப்பட்ட பிரபுத் தோரணையெல்லாம் உதிர்ந்து, நொந்துபோன கிழட்டு மாலுமி ஒருவனைப் பார்க்கிறோம். கேப்டனாக ஆர்தர் மார்கெட்சனும் சாராவாக ஷெர்லி கிரேயும் நடித்தனர். இருவரும் மனத்தில் நிற்பதில்லை.

உட்காட்சிகளை வால்டன் ஊரின் நெட்டில்ஃபோல்ட் ஸ்டுடியோவில் எடுத்தார்கள். கடற்காட்சிகளுக்கு ‘மேரி பி. மிட்சல்’ என்ற பாய்மரக் கப்பல் அமர்த்தப்பட்டது. முதல் உலகப்போரில் வணிகக் கப்பல் வேடமிட்டு நீர்மூழ்கிகளுக்குப் பொறிவைத்த கப்பல் அது. அதற்கு மூன்று பாய்மரங்கள், உண்மை மேரி செலஸ்ட்டுக்கோ இரண்டுதான். குறைந்த செலவுப் படத்தில் இதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது. குறுகிய தளமும் நிஜக் கயிறும் தந்த நெருக்கத்தை ஸ்டுடியோத் தளத்தில் கட்டியிருக்க முடியாது.

பிரிட்டனில் சுமார் 80 நிமிடம் ஓடிய படம், அமெரிக்காவுக்கு ‘ஃபாண்டம் ஷிப்’ என்ற பெயரில் 62 நிமிடமாகச் சுருங்கிப் போனது. வெட்டுப்பட்டவற்றில் விசாரணைக் காட்சிகளும் அடங்கும். முழுப் பிரதி அழிந்துவிட, இன்று பார்க்கக் கிடைப்பது அமெரிக்க வடிவமே. கதை ஆங்காங்கே தாவுவதற்குக் கிளிஃப்டை மட்டும் குறைசொல்ல முடியாது.

1937இல் ஹேமர் நொடித்துப்போனது. துணை விநியோக நிறுவனமான எக்ஸ்க்ளூசிவ் மட்டும் தாக்குப்பிடித்து, இரண்டாம் உலகப்போருக்குப்பின் பழைய பெயரை மீட்டது.