போர்டில் இல்லாத சோறு

பதுளை டவுன்ல சைவக் கடைக்குப் போனா, நாங்க போர்டைப் பார்த்து ஓர்டர் பண்றது குறைவு. "அண்ணே, ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைக்குமா?" தெரிஞ்ச முகம்னா, கடைப் பொடியன்களுக்குச் சுட்டதில ரெண்டு வரும். போர்டில் இல்லாததைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை.

ஒரு காலத்தில் சோறே இப்படிப் போர்டை விட்டு இறங்கியிருக்கிறது. 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் தாறுமாறாக விலை ஏறின. எண்ணெய் விலையும் கூடியது. அந்நியச் செலாவணி இல்லாமல் திணறிய சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, கூப்பன் அரிசியைக் குறைத்தது. வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டல்களில் சோறு விற்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த நாட்களில் "அண்ணே, சோறு இருக்கா?" என்று கேட்பதே சட்டத்தை மீறச் சொல்வதுதான்.

டவுன்ல ரெண்டு நாள் இல்லாத சோறு, மேலே லயத்தில் பல நாள் இல்லை. கிராமத்தவருக்கு வயலோ வீட்டுத் தோட்டமோ இருந்தது. தொழிலாளிக்குச் சம்பளமும் கூப்பனும் மட்டும்தான். ஊவாவிலேயே வெல்லஸ்ஸ பக்கம் நெல் விளைந்தது. ஆனால் இஷ்டத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை. வீதியில் மறித்துச் சோதித்த அந்தக் காவல் தடைகளைச் சிங்களத்தில் 'ஹால் பொல்ல' என்றார்கள். பாணுக்கும் மாவுக்கும் கியூ. மரவள்ளிக்கிழங்கும் கீரையும்தான் பலருக்குச் சாப்பாடு. 1974இல் தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தது. பல குடும்பங்கள் பசியால் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. எங்கட ஆட்கள் இன்றைக்கும் அதை 'சிறிமா காலத்துப் பஞ்சம்' என்றுதான் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இதைப் படிச்சதா எங்களுக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் கேட்டால்தான் வரும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்பாயிமாரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா, நாங்க பெருமையாச் சொல்ற ரொட்டியை அவங்க தொட மாட்டாங்க. "அதத்தானே ஆயுசு பூரா தின்னோம்? எனக்குச் சோறு சொல்லு" என்பார்கள்.

அந்த வருஷங்களில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்க இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயசாகிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கேளுங்க.