புளியங்கொட்டையும் முத்துச் சல்லடையும்

மாகாணி வாய்ப்பாடு என்று சொன்னாலே நம் வயதுக்காரர்கள் சிலருக்கு இன்றும் காதுமடல் வலிக்கும். அரைக்கால், வீசம், முக்கால் எல்லாம் பாட்டுப் போல வாயில் வரும்; பொருள் மட்டும் வராது. இதனால்தான் பலரும், அந்தக் காலத்துக் கணக்கு வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலைப் பரப்பி விரலால் எழுதினான். எழுதும்போதே உரக்கச் சொன்னான். புளியங்கொட்டையைக் குவித்தும் பிரித்தும் எண்ணினான். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பாடம் ஏறும். நெல்லிலக்கம் முழுக்க அளவைகள்: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. வீட்டில் அம்மா அரிசி அளப்பதைப் பார்த்த பிள்ளைக்கு இது புதிதே அல்ல.

பின்னம்தான் கடினம் என்பார்கள். 80 புளியங்கொட்டையை எடுத்துப் பரப்பிப் பாருங்கள். மொத்தமும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை 40, கால் 20, அரைக்கால் 10. ஒரே ஒரு கொட்டை காணி, அதாவது 1/80. நான்கு கொட்டை மா, 1/20. இப்போது மாவையும் காணியையும் சேருங்கள்: ஐந்து கொட்டை. அதுதான் மாகாணி, 1/16. மும்மாவும் முக்காணியும் சேர்ந்தால் 12-ம் 3-ம் 15 கொட்டை, 3/16. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது! பிள்ளைப் பருவத்தில் இதை யாராவது எனக்குக் காட்டியிருந்தால் எத்தனையோ குட்டு மிச்சமாகியிருக்கும். காணியில் காலான முந்திரிக்கு (1/320) மட்டும் ஒரு கொட்டையை நான்காக நறுக்க வேண்டும்.

நம் ஊர் முத்து வியாபாரத்திலும் இந்த இருபது உண்டு. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. அப்படியானால் ஒரு மஞ்சாடி, கழஞ்சில் ஒரு மா. மஞ்சாடி என்பது சிவப்பு விதை. கையில் வைத்துப் பார்க்கக்கூடிய பின்னம்.

அதைவிட எனக்குப் பிடித்தது முத்துச் சல்லடை. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைத் தட்டுகள் இருந்தன. கார்டினர் என்ற பாதிரியார் இலங்கையைப் பற்றி 1807-ல் வெளியிட்ட நூலில் இவற்றை விவரித்திருக்கிறார். தட்டுகள் எல்லாம் ஒரே அளவு. துளைகளின் எண்ணிக்கைதான் வேறு: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. இருபது துளைத் தட்டில் தங்குவது பெரிய முத்து. ஆயிரம் துளைத் தட்டுக்கு வருவது பொடி. எண் ஏற ஏற முத்து சிறுக்கிறது. 1/5 பெரிதா, 1/8 பெரிதா என்று கேட்டால் எட்டுதான் பெரிது என்று அடித்துச் சொல்லும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் எது? பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடற்கரையில் கிடந்த பாடம் அது.

மணலில் எழுதும் முறை கப்பலேறியும் போனது. 1789-ல் சென்னை எழும்பூர் ராணுவ அநாதைப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்த்து 1797-ல் லண்டனில் எழுதி வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே அது பரவியது.

இதனால் திண்ணையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அங்கே பெரும்பாலும் இடமில்லை. பிரம்புக்கும் கோதண்டத்துக்கும் குறைவில்லை. பிறகு வந்த பள்ளிகள் கதவைத் திறந்தன. ஆனால் கரும்பலகையும் அச்சுப் புத்தகமும் வந்தபோது வாய்ப்பாடு மட்டும் உள்ளே வந்தது, புளியங்கொட்டை வாசலிலேயே நின்றுவிட்டது. நான் குறைபடுவது இதைத்தான்.

1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தார். அவருடைய பொன்னிற மணிகளில் தனி மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கிய கட்டை ஆயிரம். ஆயிரத்தைக் கையில் தூக்கிப் பார்க்கலாம்! ஆனால் அது வெகுகாலம் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கே எட்டியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில்தான் மணியும் அட்டையும் ஏழைப் பிள்ளையின் பாய்க்கு வந்தன. நான்கைந்து ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். அதைக் கேலி செய்தவர்கள் உண்டு; நான் செய்யமாட்டேன்.

இதற்கிடையே 1957 ஏப்ரல் முதல் தேதி அணா போய் நயா பைசா வந்தது. ரூபாயில் வீசம் ஓரணா என்பது போய், ஆறேகால் நயா பைசா ஆனது. கணக்கு எளிதானது உண்மை. ஆனால் கடைக்குப் போய்வந்த பிள்ளை பையில் போட்டுவந்த பின்னம் அன்றோடு போயிற்று.

சல்லடைக்கும் இனி வேலையில்லை. 1961-ஆம் ஆண்டோடு நம் கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. புளியங்கொட்டை இன்னும் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் 80 எண்ணி வைத்து, "இதில் மாகாணி எடு" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை எடுக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.