மலைநாட்டில் வானொலி: இடரும் காப்பும்

ஒரு கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தோரின் பெருமையையே எழுதுவர். அக்கருவியைக் கையாண்ட எளிய மக்கள் எத்தகைய இடர்களுக்கு உட்பட்டனர், அவற்றினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள எவ்வாறு கற்றனர் என்னும் வரலாறு எழுதப்படுவது அரிது. வானொலிக்கும் அத்தகையதொரு வரலாறு உண்டு. அதனை இன்று சுருக்கமாக ஆராய்வோம். ஆராயுங்கால் நம் கண்முன் நிற்கும் ஊர் சூரியநெல்லி.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானலை அடுத்து, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்துள்ளது சூரியநெல்லி. தமிழ்நாட்டு எல்லை இதற்கு மிக அண்மையில் உள்ளது. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு ஜீப்பு வண்டிகள் ஏறும் பாதையும் இவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. இத்தோட்டங்களின் லயங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மலைமுகடும், ஓங்கி வளர்ந்த மரங்களும், தகரக் கூரைகளும், இடியோடு கூடிய பெருமழையும் ஒருங்கே அமைந்த இடம் இது. வானொலியின் நன்மை, இடர் இரண்டையும் அறிந்துகொள்வதற்கு இதனினும் பொருத்தமான ஊர் வேறு வேண்டுவதில்லை.

வானொலிக்கும் மின்னலுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. 1753-ஆம் ஆண்டில், ருஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கியோர்க் ரிக்மன் என்னும் அறிஞர் தம் வீட்டுக் கூரையின்மேல் ஓர் உலோகக் கம்பியை நிறுத்தி, அதிலிருந்து வீட்டுக்குள் ஒரு கம்பியை இழுத்து, இடிமேகங்களின் மின்சாரத்தை அளந்து வந்தார். அக்கம்பி பூமியோடு இணைக்கப்படவில்லை. ஒருநாள் இடி முழங்கியபோது கருவியின் அருகே நின்ற அவர்மீது மின்னல் பாய்ந்தது. அவர் அங்கேயே உயிர் துறந்தார். வானொலி என்ற சொல்லே தோன்றாத காலம் அது. எனினும், கூரைமேல் கம்பியை நிறுத்தி, அதனைப் பூமியோடு சேர்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவரும் செயலின் விளைவை அவ்வறிஞரின் மரணம் உலகுக்கு உணர்த்தியது.

அதே நகரில், 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், அலெக்ஸாந்தர் போப்பாவ் என்பவர் அறிஞர் அவையொன்றில் ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். தொலைவில் தோன்றும் மின்னலின் அலைகளை உணர்ந்து அறிவிக்கும் கருவி அது. வானொலி வாங்கியின் முன்னோடிகளுள் ஒன்று மின்னலை அறிவிக்கும் கருவியாகவே பிறந்தது என்பது கருதத்தக்கது. இன்றும் மத்திய அலை வரிசையில் நிகழ்ச்சி கேட்கும்போது இடையிடையே 'கரகர' என்னும் ஒலி எழுமாயின், தொலைவில் மின்னுகிறது என்று அறிதல் வேண்டும். இடியோசை நம் செவிக்கு எட்டுமுன்னரே வானொலிப் பெட்டி அதனை நமக்கு உரைத்துவிடுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரு நிகழ்ச்சிகள் நிகழ்ந்தன. அம்மாத நடுவில் மூணாறு மலைகளில் பெருமழை கொட்டியது. மலையாள ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே வழங்குகின்றனர். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அது கட்டப்படவே இல்லை. அதே மாதம் 31-ஆம் நாள், சென்னையில், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலைநாடு உலகத்தோடு தொடர்பிழந்து தவித்த அதே திங்களில், தொடர்பின் புதியதொரு வழி சமவெளியில் திறந்தது. ஆயினும் அவ்வொலி மலையேறி வருவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

கழகம் 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சி நிலையமும் தொடங்கின. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அரசினரிடம் உரிமம் பெற்றாக வேண்டும் என்னும் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் அம்முறை 1980-களில்தான் முற்றிலும் நீங்கியது.

அக்காலத்துப் பெட்டி வால்வுகளால் ஆனது. ஒரு சிறு பேழையை ஒத்தது. நிலையத்தின் மெல்லிய அலையைப் பற்றுவதற்கு வீட்டின்மேல் நீண்ட ஏரியல் கம்பி கட்டுவர். மற்றொரு கம்பியை ஈர மண்ணில் புதைப்பர். மலையில் ஏரியல் உயர உயர ஒலி தெளிவாகும். மின்னலுக்கும் அது நல்ல இலக்காகும். ஆகவே ஏரியலைப் பெட்டியினின்று விலக்கி நேரே பூமிக் கம்பியோடு இணைக்கும் சுவிட்சு ஒன்றைச் சுவருக்கு வெளியே பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. இடி வருமுன் அதனைத் திருப்பிவிட வேண்டும்; வந்தபின் அதன் அருகே செல்லலாகாது. ரிக்மன் உயிர் கொடுத்து உணர்த்திய பாடமே இச்சிறு சுவிட்சாக வீட்டுச் சுவரை அடைந்தது எனலாம்.

பெட்டிக்குள்ளும் இடர் இருந்தது. நேர்மின்சாரம், மாறுமின்சாரம் இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட சில பெட்டிகளில் உள்ளிருக்கும் உலோகச் சட்டம் வீட்டு மின்கம்பியோடு நேரே இணைந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் சட்டம் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். பின்புற அட்டையைக் கழற்றிக் கை நீட்டியவர் தப்புவது அரிது. நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். மின்சாரம் எட்டாத இடங்களில் உயர் அழுத்த உலர் பாட்டரியும், கந்தக அமிலம் நிறைந்த அக்யுமுலேட்டரும் பயன்பட்டன. அக்யுமுலேட்டரை மின்னேற்றுவதற்கு நகரத்துக்குச் சுமந்து செல்லும்போது அமிலம் தெறித்தால் துணியும் தோலும் வெந்துபோகும். அக்காலத்தில் வானொலி கேட்பது உழைப்பும் எச்சரிக்கையும் வேண்டிய செயலாக இருந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதனை ஆக்கிய பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர். 1954-இல் அமெரிக்காவிலும், 1955-இல் ஜப்பானிலும் டிரான்சிஸ்டர் வானொலிகள் விற்பனைக்கு வந்தன. சூடேறும் வால்வு மறைந்தது. உயர் அழுத்த மின்சாரம் மறைந்தது. டார்ச்சு விளக்குக்கு இடும் செல்களே போதுமென்றாயின. மத்திய அலையைப் பற்றும் ஏரியல் பெட்டிக்குள்ளேயே ஒரு கரிய கோலாகச் சுருங்கியது. ஒலி தெளிவாக இல்லையெனில் கம்பி கட்ட வேண்டுவதில்லை. பெட்டியைச் சற்றே திருப்பி வைத்தால் போதும். இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்களும், 1957 அக்டோபரில் தொடங்கிய விவித பாரதியும், திருச்சி நிலையத்தின் நிகழ்ச்சிகளும் இவ்வாறு ஏழை எளியோரின் கைக்கு வந்து சேர்ந்தன.

இடர் இத்துடன் ஒழிந்ததோ என்றால், இல்லை, அது உருமாறியது. பயன்படுத்தாமல் நெடுநாள் விட்ட செல்கள் கசிந்து பெட்டியின் உள்ளுறுப்புகளை அரிக்கும். ஆல்கலைன் செல்களிலிருந்து கசியும் காரம் கண்ணிற் பட்டால் கேடு விளையும், வெறுங்கையால் துடைக்கலாகாது. பழைய செல்லோடு புதியதைக் கலந்து இடுதல், மின்னேற்றத் தகாத செல்லை மின்னேற்ற முயலுதல், தீர்ந்த செல்லைத் தீயில் எறிதல் ஆகிய மூன்றும் ஆகா. மின்னல் நேரத்தில், வீட்டுக்குள் செல்லால் இயங்கும் பெட்டியைக் கேட்பதில் தீங்கில்லை. சுவர் பிளக்கில் இணைந்த பெட்டியையோ வெளி ஏரியலோடு கூடிய பெட்டியையோ கேட்பது வேறு. அவற்றின் கம்பிகளை இடி நெருங்குமுன்னரே கழற்றிவிட வேண்டும். ஒலி தெளிவுக்காகப் பெட்டியோடு மலைமுகட்டுக்கு ஏறி நிற்பது அனைத்தினும் கொடிது. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் மடிகின்றனர். கேரளத்தில் கோடை மழைக்காலத்திலும் துலா மாத மழைக்காலத்திலும் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை மின்னல் மிகுதி என்று அம்மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது.

1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் ஒலிநாடாக் கருவியை வெளியிட்டது. அதனோடு, தனியொருவர் செவிக்கு மட்டும் ஒலிக்கும் ஹெட்போன் உலகெங்கும் பரவியது. அம்முதற் கருவியில் ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தான் இருந்தது. அதனை அழுத்தினால் இசை தணியும். எதிரே நிற்பவர் பேச்சு செவியில் விழும். இசையில் மூழ்கியவரையும் உலகம் அழைக்கக்கூடும் என்பதனைக் கருவி செய்தோரே எண்ணியிருந்தனர். பின்வந்த கருவிகளில் அப்பொத்தான் இல்லாமற் போயிற்று.

1982-இல் சி.டி. இசைத்தட்டு வந்தது, 1984-இல் கையில் எடுத்துச் செல்லும் சி.டி. கருவியும் வந்தது. வானொலியும் சி.டி.யும் ஒன்றாய் அமைந்த பெட்டிகள் 1990-களில் பெருகின. சி.டி.யைப் படிப்பது லேசர் என்னும் ஒளிக்கற்றை. அது அகச்சிவப்பு ஒளியாதலால் கண்ணுக்குப் புலனாகாது. புலனாகாமையாலேயே கண்ணும் இமைத்து விலகாது. இதனால் மூடியைத் திறந்தவுடன் லேசர் அணையும்படி உள்ளே ஒரு சிறு சுவிட்சு வைத்தனர். மூடி உடைந்த பெட்டியில் அச்சுவிட்சைக் குச்சியாலோ ஒட்டுத்தாளாலோ அழுத்தி வைத்து இயக்குவது, தனக்கு இட்ட வேலியைத் தானே பிரிப்பதற்கு ஒப்பாகும். ஏரியல் சுவிட்சுக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே.

இவற்றினும் மறைவானது செவிக்கு நேரும் கேடு. மின்னல் தாக்கினால் உடனே தெரியும். அமிலம் பட்டால் உடனே எரியும். செவியின் நுண்மயிர் அணுக்களோ ஓசையின்றி அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபெல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல்லில் அது வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரமே. ஹெட்போன் அணிந்திருக்கையில் அருகிலிருப்பவர் இயல்பாகப் பேசுவது கேளாவிடின் ஒலி மிகுந்துவிட்டது என்று கொள்க.

சூரியநெல்லியில் இவ்வெச்சரிக்கைக்கு மற்றொரு பொருளும் உண்டு. சின்னக்கானல் வட்டாரம் காட்டு யானைகள் நடமாடும் நிலம். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்தமையால் 'அரிக்கொம்பன்' எனப் பெயர் பெற்ற யானையை வனத்துறையினர் 2023 ஏப்ரல் 29-இல் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு சென்ற செய்தியை நாடே அறியும். இத்தகைய தோட்டப் பாதையில் வைகறையிலும் அந்தியிலும் இரு செவிகளையும் அடைத்துக்கொண்டு நடப்பவர், கிளை முறியும் ஓசையையும் 'யானை நிற்கிறது' என்று கூவும் அண்டை வீட்டாரின் குரலையும் இழக்கின்றார். மலைப்பாதையில் செவி என்பது இரண்டாவது கண்.

இனி, மற்றோர் உண்மையையும் மறக்கலாகாது. வானொலியில் இடர் உண்டு என்று அஞ்சி அதனை ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். பெருமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் முன்னரே அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டுவதற்கு மறுநாட் காலை ஆயிற்று. 1924-க்கும் 2020-க்கும் இடையே தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழிந்தும், மழை இரவொன்றில் மலை தனித்தே நின்றது.

வானொலிப் பெட்டியால் நம் குரலை வெளியே அனுப்ப இயலாது. அது கேட்கும் கருவியே. எனினும் கைப்பேசிக் கோபுரம் ஓய்ந்த பின்னரும், மின்கம்பி அறுந்த பின்னரும், தொலைவிலுள்ள நிலையத்தின் அலை வந்துகொண்டிருக்கும். மத்திய அலை இரவில் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்சில் வரும் பண்பலை, முகடுகள் மறைக்காத இடங்களிலெல்லாம் கேட்கும். மழை எச்சரிக்கையை உரிய வேளையில் செவியுற்ற குடும்பம், சரிவின் அடிவாரத்திலிருந்து பகலிலேயே விலகிச் செல்ல வழி உண்டு. அதற்கு வேண்டுவது கசியாத நான்கு செல்கள்; ஈரம் படாத ஓரிடம்; திங்களுக்கு ஒருமுறை பெட்டியை இயக்கிப் பார்க்கும் பழக்கம். பருவமழைக்கு முன் கூரைத் தகரத்தை ஆணியடித்து இறுக்கும் குடும்பத்தினர் இதனையும் அத்துடன் சேர்த்துச் செய்தல் நன்று.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலப்படும். கருவி சிறுக்கச் சிறுக்க, இடர் கூரையிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள் புகுந்தது. பெட்டியிலிருந்து வெளிப்பட்டுச் செவிக்குள் நுழைந்தது. கண்ணுக்குத் தெரிந்த இடருக்கு அஞ்சிச் சுவிட்சு வைத்தவர்கள் நம் முன்னோர். தெரியாத இடருக்குச் சுவிட்சு நம்மிடமே உள்ளது. ஒலியைத் தணிக்கும் விரலும், கம்பியைக் கழற்றும் கையும், செவியைத் திறந்து வைக்கும் எச்சரிக்கையுமே அது. இம்மூன்றும் உள்ள வீட்டில் வானொலி நல்விருந்தாய்த் தங்கும். புயல் இரவில் காவலாகவும் விழித்திருக்கும்.